தாத்தாவின் ரேடியோ

கரக்பூர் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தாத்தா 1962-ல் வாங்கிய வால்வு ரேடியோ அது. வீடே கூடி இலங்கை வானொலி கேட்ட பெட்டி. பாட்டிக்குக் காது கேட்கும்போதே அதைப் பாட வைத்துவிட வேண்டும் என்று கல்கத்தா விடுதிக்குத் தூக்கி வந்தேன்.

உள்ளே ஒட்டியிருந்த மின்சுற்றுப் படத்தைக் கரையான் தின்றிருந்தது. இணையத்தில் அதே மாடல் எண்ணுக்கு ஒரு படம் கிடைத்தது; வால்வுகளே ஒத்துவரவில்லை! சாந்தினிக் கடைத்தெருக் கிழவர் ஒருவர் சிரித்தார்: “படம் எதற்குத் தம்பி? வால்வின் பெயரைப் படி.”

படித்தேன். இ.எல்.84. ‘இ’ என்றால் இழைக்கு 6.3 வோல்ட், ‘எல்’ என்றால் ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றல் பென்டோடு, ‘8’ என்றால் ஒன்பது கால். இரண்டாவது கால் கிரிட், ஏழாவது ஆனோடு என்று வால்வுக் கையேடு சொல்லியது. கிரிட்டில் இருக்கக் கூடாத நேர் மின்னழுத்தம் இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, அந்தக் காலிலிருந்து கம்பி வழியே போனேன். கசியும் கண்டென்ஸர் அகப்பட்டது. இப்படியே ஒவ்வொரு காலாகத் தொடர்ந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முழுப் படத்தையும் நானே வரைந்துவிட்டேன்.

பாட்டியின் முன் வைத்து ஒலியைக் கூட்டினேன். “ஏன்டா இவ்வளவு சத்தம்?” என்றாள். அதைவிட எனக்கு என்ன பரிசு வேண்டும்?

நான் வரைந்த படம் இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. அடுத்த பேரன் அலைய வேண்டாம்.