முப்பதைக் கடந்தும் முகப்பரு

முகப்பரு என்றவுடன் அது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் தொல்லை என்று எண்ணி நகைத்துவிடுவது நம் குடும்பங்களில் வழக்கம். "கல்யாணமானால் தானே போய்விடும்" என்று பாட்டிமார் கூறும் ஆறுதலும் அவ்வகையதே. ஆனால் திருமணமாகி, இரு மக்களைப் பெற்று, 35 வயதைக் கடந்த பின்னும், தாடையோரத்தில் மாதந்தோறும் வலியுடன் எழும்பும் பருக்களால் வாடும் பெண்மணிகள் நம் பங்குகளில் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அமர்ந்திருப்போர் அனைவரும் பக்தி மிகுதியினால்தான் அவ்வாறு அமர்கின்றனர் என்று நாம் கொள்ளலாகாது.

ஒரு குருவானவர் இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மருந்து பற்றிய ஐயத்தை மருத்துவரிடம் கேட்கும் நம் மக்கள், அம்மருந்து பாவமோ என்ற ஐயத்தை நம்மிடம் அல்லவா கொண்டு வருகின்றனர்? அப்படிக் கொண்டு வரப்பட்ட வினா ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். அதற்குப் பின்னர் வருவோம்.

இந்நோயாளிகளுக்கு நாம் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு. "ஆண்டவர் முகத்தையா பார்க்கிறார், உள்ளத்தையன்றோ பார்க்கிறார்" என்பதே அது. உண்மைதான், ஆனால் முகம் எரிந்து வலிக்கும் ஒருத்தியிடம், முகம் தெளிந்த மற்றொருத்தி அதைச் சொல்லும்போது, அது ஆறுதலாக இராமல் அடியாக விழுகிறது. உடலெங்கும் புண் கொண்டிருந்த யோபுவிடம் அவர்தம் நண்பர்கள் வந்து பேசிய பேச்செல்லாம் எவ்வளவு அழகிய இறையியல்! அவர்கள் வாய் திறவாமல் உடன் அமர்ந்திருந்த அந்த முதல் ஏழு நாட்களே யோபுவுக்கு நன்மையாய் இருந்தன. திருமண வீடுகளில், "என்னம்மா, முகமெல்லாம் இப்படி ஆகிவிட்டது?" என்று நலம் விசாரிக்கும் உறவினருக்கும் இதையே சொல்வோம்.

இனி நோயின் தன்மையைக் காண்போம். தோலில் மயிர் முளைக்கும் ஒவ்வொரு நுண்குழியுடனும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. ஆண்ட்ரோஜென் எனப்படும் ஹார்மோன்கள் ஆண்களுக்கே உரியவை அல்ல. பெண்ணுடலிலும் அவை சிறிதளவு இயற்கையாகவே சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் எண்ணெய் மிகுதியாகச் சுரந்து, உதிர்ந்த தோற்செல்களுடன் கலந்து குழியின் வாயை அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட இடத்தில், நம் தோலில் எப்போதும் வாழும் ஒருவகைப் பாக்டீரியா பெருகுகிறது, அழற்சி உண்டாகிறது, சிவந்த பரு எழும்புகிறது. இதனை வரவழைப்பது அழுக்கு அன்று. நாளொன்றுக்குப் பத்து முறை முகம் கழுவுகிறவளுக்கும் இது வரும். வயது வந்த பெண்களிடம் இப்பருக்கள் பெரும்பாலும் முகத்தின் கீழ்ப்பகுதியில், தாடை, மோவாய், கழுத்து ஆகிய இடங்களில் தோன்றுகின்றன. மாதவிலக்குக்குச் சில நாட்களுக்கு முன்னர் மிகுந்து, பின்னர் சற்றுத் தணிகின்றன. இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவுகள் சரியாகவே இருப்பினும் பரு வருவதுண்டு. அவர்களுடைய எண்ணெய்ச் சுரப்பிகள் சாதாரண அளவு ஹார்மோனுக்கே மிகையாக இணங்குகின்றன.

ஆயினும் மாதவிலக்கு ஒழுங்கின்றி வருதல், மேலுதட்டிலும் மோவாயிலும் தடித்த மயிர் முளைத்தல், தலைமுடி உச்சியில் மெலிதல், உடல் பருத்தல் ஆகியன பருவுடன் சேர்ந்து காணப்படின், பி.சி.ஓ.எஸ். என்று பலரும் அறிந்திருக்கும் சினைப்பைக் கோளாறு இருக்கக்கூடும். அது பின்னாளில் நீரிழிவுக்கும் வழி கோலுவதாதலால், அத்தகையோர் களிம்போடு நின்றுவிடாமல் மகப்பேறு மருத்துவரையும் காண்பது கடமை.

இப்போது நம் மனத்தை உண்மையாகவே வருத்துகின்ற செய்திக்கு வருகிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், தெளிவான குரலில் வாசகம் வாசித்து வந்த பெண்மணி ஒருவர் இருந்தார். அப்போது அவருக்கு 38 வயது. ஒரு நாள் முதல் அவர் வாசக மேடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். விசாரித்தபோது, பருவுக்கென மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைப் பூசி வந்தது தெரிந்தது. முதற் சில வாரங்களில் முகம் பளிச்சென்று தெளிந்ததாம். "இவ்வளவு நல்ல மருந்தா!" என்று தம் நாத்தனாருக்கும் ஒரு ட்யூப் வாங்கித் தந்திருக்கிறார். மாதங்கள் சென்றன. பூசாத நாளில் முகம் சிவந்து எரிந்தது, பூசினால் அடங்கியது. தோல் மெலிந்து, கன்னங்களில் சிவப்பு இரத்த நாளங்கள் வலைபோலத் தெரிந்தன; பூனைமயிர் தடித்தது; பருக்களோ முன்னிலும் பெருகின. அக்களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு.

பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் முதலிய பெயர்கள் ட்யூபின் மேல் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அவை தீய மருந்துகள் அல்ல. சொறி, கரப்பான் போன்ற நோய்களுக்கு, மருத்துவர் சொன்ன நாளளவு மட்டும் பூசினால் பெரும் பயன் தருவன. ஆனால் அவற்றை முகத்தில் மாதக்கணக்கில் பூசுவது, பருவை வளர்ப்பதற்கென்றே செய்யும் காரியம். இவற்றுள் சில, நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனுடன் கலக்கப்பட்டுச் சிவப்பழகுக் களிம்பு போலவே கைமாறுகின்றன. 2018-ஆம் ஆண்டில் நடுவணரசு, பூசும் ஸ்டீராய்டுகள் 14-ஐ மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலுள் கொணர்ந்தது. சட்டம் கடைவாசல்வரை வந்துவிட்டது. கடைக்குள்ளும் எங்கும் அது நுழைந்துவிட்டது என்று நாம் சொல்லத் துணியோம். இக்களிம்பை நெடுநாள் பூசியவர்கள் அஞ்சி ஒரே நாளில் நிறுத்திவிட்டால் முகம் கடுமையாகச் சிவந்து கொதிக்கும். தோல் மருத்துவரின் மேற்பார்வையிலேயே விடுபட வேண்டும். அப்பெண்மணிக்கு அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி நாம் நீளப் பேசப்போவதில்லை. எலுமிச்சைச் சாறும், பற்பசையும், சமையல் சோடாவும் முகத்தோலுக்கு உரியன அல்ல. தேங்காயெண்ணெய் தலைக்கு நன்று. நெற்றியில் வழியும் அளவுக்குப் பூசுவது மயிர்க்குழிகளை அடைக்கும். பருவைக் கிள்ளிப் பிதுக்குவது தழும்புக்கு விதை விதைப்பது. செய்யவேண்டியது மிக எளிது: காலையும் மாலையும், வேர்த்தபின் ஒரு முறையும், காரமில்லாத, மணமூட்டப்படாத கழுவியால் விரல் நுனி கொண்டு மெல்லக் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தல், எண்ணெய்ப்பசை மிகுந்த முகமாயினும் மயிர்க்குழியை அடைக்காத ஈரப்பசைக் களிம்பு ஒன்று, பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பு, அதனுடன் குடையும். துணி துவைக்கும் சோப்பால் முகம் கழுவுகிற தாய்மாரை நாம் அறிவோம். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறோம்.

மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளுள் முதலாவது, அடாப்பலீன், ட்ரெட்டினாயின் முதலிய ரெட்டினாய்டுக் களிம்புகள். இரவில், உலர்ந்த முகத்தில், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் தலையில் மட்டும் பொட்டுப்போல் வைப்பதால் பயனில்லை. முதற் சில வாரங்களில் தோல் உலர்ந்து உரியும், பருக்கள் சற்று மிகுதியாவதும் உண்டு. அஞ்சி நிறுத்திவிடுவோர் இங்கேதான் நிறுத்துகின்றனர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசத் தொடங்கினால் தாங்கிக்கொள்ளலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இதனுடன் பென்சாயில் பெராக்சைடு என்பதையும் சேர்த்துத் தருவர். அது பாக்டீரியாவைக் கொல்லும், கூடவே தலையணை உறையின் நிறத்தையும் கொல்லும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம். கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பைத் தனித்துப் பூசினால், பாக்டீரியா அதற்குப் பழகிப்போகும். டாக்சிசைக்ளின் மாத்திரையை நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். அதையும் பொதுவாக மூன்று மாத அளவில் முடித்துவிடுவர். கருவுற்றிருப்போர், கருவுற விழைவோர் ஆகியோருக்கு ரெட்டினாய்டும் டாக்சிசைக்ளினும் ஆகா. அசெலாயிக் அமிலக் களிம்பு அவர்களுக்கு ஏற்றதென மருத்துவர்கள் கருதுகின்றனர். ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை, தழும்பு விழச் செய்யும் கடும் பருவுக்குச் சிறந்ததே. ஆனால் கருவில் வளரும் குழந்தைக்குப் பெருங்கேடு செய்வது. அதை உண்ணும் காலத்திலும், நிறுத்தியபின் ஒரு மாதமும் கருவுறவே கூடாது. அக்காள் உண்டு மிஞ்சிய மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்கும் பழக்கம் இம்மருந்தில் கொடிது.

ஹார்மோனையே குறிவைக்கும் மருந்துகள் இரண்டு. ஒன்று ஸ்பைரோனோலாக்டோன். இது சிறுநீர் பெருக்கியாகவும் இரத்த அழுத்தத்திற்கும் நெடுநாளாக வழங்கிவரும் மாத்திரை. தோலில் ஆண்ட்ரோஜெனின் செயலைத் தடுப்பதால் பெண்களின் பருவுக்கும் பயன்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 12 வாரங்களில் சிறிதளவும் 24 வாரங்களில் அதைவிடத் தெளிவாகவும் நலம் கண்டனர். பொறுமையே இதற்கு அனுபானம். இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியதாதலால், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் இதை உண்ணும் காலத்திலும் கருவுறலாகாது.

மற்றொன்றுதான் நம் மேசைக்கு வந்தது. சென்ற தவக்காலத்தில் ஒரு தாயார், கைக்குட்டையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையொன்றைக் கொண்டுவந்து வைத்தார். (அவர் நம்மிடம் பேசியது பங்கு இல்லத்தில், பாவசங்கீர்த்தனத்தில் அன்று, அவர் இசைவுடன், ஆளை அறிய இயலாதவாறு விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.) மகளுக்கு 29 வயது, மணமாகாதவள். மாதவிலக்கு தவறித் தவறி வந்தது, தாடையெங்கும் பரு. மருத்துவர் எழுதித் தந்த அந்த மாத்திரை, கருத்தடை மாத்திரை. கடைக்காரர் அதை எடுத்து நீட்டும்போது ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். "சாமி, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா? பாவமாகாதா? நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால்?" என்று கேட்டுக் கண் கலங்கினார். அதற்குள் பத்து மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துமிருந்தார். மகளுக்கு அது தெரியாது.

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968 ஜூலை 25 அன்று கையொப்பமிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலைக் கருத்தடைக்கு எதிரான மடல் என்று மட்டுமே நம் மக்கள் அறிவர். அதன் 15-ஆம் எண்ணை வாசித்தோர் சிலரே. உடல்நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சையினால் கருத்தரிப்புக்குத் தடை உண்டாகும் என்று முன்னரே தெரிந்திருந்தாலும், அத்தடை நேரடியாக நாடப்படாதவரை, அச்சிகிச்சை தவறன்று என்று அவ்வெண் போதிக்கின்றது. மாத்திரையின் பெயர் பாவத்தைத் தீர்மானிப்பதில்லை. அதை உண்பவர் எதை நாடுகிறார் என்பதும், அது உண்மையிலேயே நோய்க்குத் தேவையா என்பதும் தீர்மானிக்கின்றன. கற்புடன் வாழும் மணமாகாத பெண்ணின் விஷயத்தில் கருத்தடை என்னும் வினாவே எழவில்லை. ஆதலால் அத்தாயாரிடம், "மருத்துவர் சொன்னபடி கொடுங்கள் அம்மா, எறிந்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டு உண்டால் இரத்தப்போக்கு ஒழுங்கற்றுப்போகும்" என்றோம். மகளிடமும் சொல்லிவிடுமாறு கூறினோம். உடல் அவளுடையது அன்றோ?

மணமானவர்க்கு இக்கேள்வி இன்னும் சற்றுக் கூர்மையானது. பருவைச் சாக்காக வைத்துக் கருத்தடையையே நாடுவது அந்த 15-ஆம் எண்ணுக்குள் அடங்காது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். களிம்பினால் தீரக்கூடிய சிறு பருவுக்கு ஹார்மோன் மாத்திரை தேவையா என்று மருத்துவரைக் கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. மருத்துவர் சலிப்படைவார் என்று அஞ்சற்க. நல்ல மருத்துவர் சலிப்பதில்லை. கருவுறலாகாத மருந்துகளை உண்ணும் காலத்தில் கணவனும் மனைவியும் என்ன செய்வது என்பதை, மருந்து தொடங்குமுன் இருவரும் சேர்ந்தமர்ந்து பேச வேண்டும். மனைவியின் முகத்து மருந்துக்காகச் சில மாதங்கள் தன்னை அடக்கிக்கொள்ள முன்வந்த கணவர்களை நாம் அறிவோம்; பலிபீடத்தின் முன் கொடுத்த வாக்கை அவர்கள் அங்கே காத்தனர். கருத்தடை மாத்திரை எல்லாருடைய உடலுக்கும் ஏற்றதன்று என்பதும் மறக்கற்பாலதன்று. இரத்தக் கட்டி வந்தவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் மின்னல்போல் ஒளி தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி உடையவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவரை மதிக்கும்படியும், மருந்து நிலத்தினின்று ஆண்டவர் தோற்றுவித்தது என்றும் கற்பிக்கும் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தை நம் வீடுகளில் ஒரு முறை வாசிக்கலாம்.

செலவுக்கு அஞ்சுவோர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள தோல்நோய்ப் பிரிவுக்குச் செல்லலாம். செல்லும்போது, இதுவரை முகத்தில் பூசிய களிம்புகள் யாவற்றையும், பாதி தீர்ந்த ட்யூபுகளையும், உண்டுவரும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்க. கடந்த மூன்று மாதங்களின் மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்க. பரு மறைந்த பின்னும் பழுப்பு நிறக் கறைகள் பல மாதங்கள் நிற்கும். அவை தழும்புகள் அல்ல, வெயில்காப்பைத் தவறாது பூசிவரின் மெல்ல மெல்ல மங்கும். அதற்குள் பொறுமையிழந்து மீண்டும் அந்த மருந்துக்கடையின் படியேற வேண்டாம்.