முதற் கணினி மொழிக்கு நல்ல பாடம் எது?

கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்த நாள்முதல் எங்களைக் குடைந்த கேள்வி இது: நிரல் எழுத எங்கிருந்து படிப்பது? பாடம் கிடைக்கவில்லை என்று குறைகூற வழியில்லை. ‘பைத்தான்’ என்று கைப்பேசியில் தேடினால் வந்து குவிகின்றன. கம்மாபுரத்தாருக்கு நெய்வேலிச் சுரங்கம் பக்கந்தான். பழுப்பு நிலக்கரியைக் காண எவ்வளவு மேல்மண்ணை அள்ள வேண்டும் என்பதை நாம் அறிவோம். இங்கும் அதே கதைதான்!

எங்களிற் பலருக்கு வீட்டில் கணினி இல்லை. அப்பாவின் கைப்பேசி இரவில் சிறிது நேரம் கிட்டும். பள்ளியிலோ ஒரு கணினிக்கு இருவர். அந்த நேரத்தை ஆகாத பாடத்தில் இழக்கலாமா?

முதலில் பாடத்தின் வயதைப் பாருங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி பைத்தான். அதன் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் நின்றுபோயிற்று. ஆயினும் பழைய பாடங்கள் இன்னும் உலவுகின்றன. கண்டுபிடிப்பது எளிது: ‘பிரிண்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பழசு. அதை அப்படியே தட்டச்சு செய்தால் இன்றைய கணினி பிழை என்று சொல்லும். தொடக்கத்திலேயே இப்படி நேர்ந்தால், ‘நமக்கு இது வராது’ என்று ஒரு பெண் ஒதுங்கிவிடுவாள். குற்றம் அவளுடையதா?

நம் கையிலேயே உள்ள அரசுப் பாடநூலை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள். பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான், தமிழிலேயே இருக்கின்றன. ஆனால் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முதல் நான்கு பாடங்கள் பொதுக் கருத்துகளையே பேசுகின்றன. தானே படிப்பவள் ஐந்தாம் பாடத்தில் தொடங்கலாம் என்பது எங்கள் எண்ணம். (தேர்வுக்கு நான்கும் வேண்டும் என்று ஆசிரியை சொல்வது காதில் விழுகிறது!)

கேட்டுப் படிக்க விரும்புவோர்க்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ உண்டு. ஏறக்குறையப் பத்து நிமிடப் பாடங்கள். பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. சற்றுக் கேட்டு, நிறுத்தி, தானே செய்து பார்ப்பதற்கென்றே அமைந்தவை. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், ‘எளிய தமிழில்’ எனத் தொடங்கும் மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியிலோ கட்டளைகளே தமிழில்! ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும். தங்கைமார் நிரலின் போக்கை அறிய அது நன்று. மேலே செல்ல பைத்தானே வேண்டும்.

எதை எடுத்தாலும், பயிற்சிக் கணக்கு இல்லாத பாடத்தை நாங்கள் விட்டுவிடுகிறோம். பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோலிருக்கும். வெறுந்திரையின் முன் அமர்ந்தால்தான் உண்மை தெரியும்.

பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருவதே தமிழ்வழி மாணவியர்க்குப் பெருந்தடை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். ‘நேம் எரர்’ என்றால் கணினி அறியாத பெயரைச் சொல்லியிருக்கிறோம். ‘இன்டென்டேஷன் எரர்’ என்றால் வரியின் முன்னுள்ள இடைவெளி சரியில்லை. இப்படி யாருக்குப் புதுப்பிழை வந்தாலும் பொருளோடு எழுதிவைக்கிறோம். புத்தகம் கணினி அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பதினோராம் வகுப்பினரும் எடுத்து எழுதலாம்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்