மாரியில் திறக்காத லாச்சி

சாதாரண தரப் பரீட்சையின் முதல் நாள். டிசம்பர் மாதம், இரண்டு வாரமாக விடாத மழை. ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து என் மேசை லாச்சியை இழுத்தேன். அசையவில்லை. அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் உள்ளே. உம்மா இழுத்தும் வரவில்லை. நான் அழத் தொடங்கிவிட்டேன். கடைசியில் வாப்பா உளியால் முகப்பலகையைப் பிளந்துதான் எடுத்துத் தந்தார்.

அந்த லாச்சியைச் செய்தவரும் அவர்தான். என் வாப்பா ஓடாவி. ஊரில் பல வீடுகளில் அவர் செய்த அலுமாரிகள் இருக்கின்றன. என் மேசையை மட்டும், கச்சான் காற்றடித்த ஆகஸ்ட் மாதத்தில், மிஞ்சிக் கிடந்த மாமரத் துண்டுகளால் அவசரமாக முடித்திருந்தார். ஊதுவதற்கு இடைவெளியே விடவில்லை.

பரீட்சை முடிந்ததும் என்னைப் பட்டறைக்கு அழைத்தார். "இந்தத் தரம் மரத்த நீங்களே தெரிவு செய்யுங்க மகள்" என்றார். வாப்பா மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

நான் முதிரையைத் தொட்டேன். பலமானதுதான், ஆனால் லாச்சி கனத்துப் போகுமாம். வேம்பைப் பூச்சி எளிதில் அரிக்காது. ஆனால் அதன் நார் குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் சீவுளி பிய்த்துவிடுமாம்.

"மரம் நீளப்பாட்டுல ஊதாது மகள். அகலப்பாட்டுலதான் ஊதும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லாச்சியின் பக்கப்பலகைக்கு அகலம் என்பது அதன் உயரம். மாரியில் அது உயர்ந்து மேலே முட்டிக்கொள்கிறது. அதனால் பக்கங்களுக்குக் குறைவாக ஊதும் மரம் வேண்டும். மூத்தம்மாவின் பழைய வீட்டுத் தேக்குக் கதவொன்று மூலையில் சாத்திக் கிடந்தது. பல வருடம் காய்ந்தது. அறுத்த முனையில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும் பலகைகளைப் பொறுக்கச் சொன்னார். அப்படி அறுத்த பலகை இன்னும் குறைவாக ஊதுமாம். முகப்புக்கு மகோகனி, அடிக்கு ஒட்டுப்பலகை.

"தேக்க முன்னுக்குப் போட்டா வடிவா இருக்குமே வாப்பா?"

"வடிவு பாத்துத்தானே அண்டைக்கு உங்கள அழ வெச்சன்" என்றார்.

மேலே சிறிது இடைவெளி விட்டு, ஓடும் இடங்களில் மெழுகுதிரி தேய்த்து முடித்தார்.

இப்போது உயர்தரம் படிக்கிறேன். போன மாரியில் லாச்சி கொஞ்சம் இறுகியது, ஆனால் திறந்தது. மழை தொடங்கிய நாள் முதல் வாப்பா காலையில் என் அறைக்கு வந்து, அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போகிறார்.