மாலைப்பொழுதும் இளைஞரும்

ஜார்ஜ்டவுன் நகரில் அச்சே தெருப் பள்ளிவாசலின் கோபுரத்தில் வட்டமான சாளரம் ஒன்று உண்டு. 1867ஆம் ஆண்டுக் கலகத்தில் பீரங்கிக் குண்டு துளைத்த இடம் அது என்று பினாங்கு மக்கள் வழிவழியாகக் கூறுவர். கதை எவ்வாறாயினும் கலகம் உண்மை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் பத்து நாள்கள் நகரம் போர்க்களமாயிற்று. சீனரின் கீ ஹின் சங்கமும் வெள்ளைக்கொடிச் சங்கமும் ஓரணி. துவா பெக் கோங் சங்கமும் செங்கொடிச் சங்கமும் எதிரணி. கொடிச் சங்கங்களில் மலாய்க்காரரும் இந்திய முஸ்லிம்களும் உறுப்பினராய் இருந்தனர்.

இச்சங்கங்கள் பகைக்கென்றே பிறந்தவை அல்ல என்பதே சிந்தனைக்குரியது. கடல் கடந்து வந்தவனுக்குச் சீனச் சங்கங்கள் தொழில் தேடித் தந்தன. இறந்தவனை முறைப்படி அடக்கம் செய்தன. கொடிச் சங்கங்கள் முஹர்ரம் விழாவையொட்டி வளர்ந்தவை. உறவற்ற ஊரில் உறவாய் நின்றமையால் இளைஞன் அவற்றுக்குக் கட்டுப்பட்டான். பின்னர் ஆயுதம் ஏந்தச் சொன்னபோது அவனால் மறுக்க இயலவில்லை. 1869இல் அவற்றை ஒடுக்கச் சட்டம் வந்தது. 1890 முதல் இரகசியச் சங்கங்கள் தடை செய்யப்பட்டன. சட்டம் சங்கத்தைக் கலைத்தது. இளைஞனை அதன்பால் ஈர்த்த தேவையோ கலையவில்லை.

அத்தேவை இன்று தமிழர் வாசலில் நிற்கிறது. 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் ஏறத்தாழ 40,000 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் இந்தியர் என்றது அக்கணக்கு. நாட்டு மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சமூகத்துக்கு இது பெரும் துயரம்.

துயரத்தின் வேர் எங்குள்ளது? 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், பழைய நகரின் கடைவீடுகளில் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. ஒரு சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். தெருவில் வளர்ந்திருந்தால் கடைக்கார மாமா, கோயில் குருக்கள், அண்டைவீட்டு அக்காள் எனப் பத்துக் கண்கள் அவனைக் கவனித்திருக்கும். அடுக்குமாடியின் நடைவழியில் அக்கண்கள் இல்லை. தாய் தந்தையர் இருவரும் வேலை முடிந்து இரவில் வருகின்றனர். தமிழ்ப்பள்ளியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன், பெரிய இடைநிலைப்பள்ளியில் கடைசி வரிசையில் மௌனமாகிறான். மாலையில் கீழ்த்தளத்தில் ஓர் 'அண்ணன்' அவன் தோளில் கை போட்டுத் தேநீர் வாங்கித் தருகிறான். அந்தக் கையின் வெப்பமே முதல் வலை.

அதனினும் நல்லதொரு கை முன்னதாக நீளின் பயன் உண்டா? அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2012ஆம் ஆண்டுக் கோடையில், வன்முறை மிகுந்த 13 பள்ளிகளின் மாணவர் 1,634 பேரிடையே குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர்க்கு எட்டு வாரப் பகுதிநேர வேலையும் வழிகாட்டப் பெரியவர் ஒருவரும் கிடைத்தனர். அடுத்த 16 மாதங்களில் அவர்களிடையே வன்முறைக் குற்றக் கைதுகள் 43 விழுக்காடு குறைவாக இருந்தன. வேலை முடிந்த பின்னரே அக்குறைவு பெரிதும் தெரிந்தது. சிறிது காலப் பிடிப்பும் மனத்தில் நெடிது நிற்கும் போலும்.

தமிழர்க்கும் இது புதிதன்று. 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் வளர்த்த மாணவர் மணிமன்றம் எத்தனையோ இளையோரை எழுத்துக்கும் மேடைக்கும் அழைத்து வந்தது. 1982இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம் படிக்கும் பிள்ளைக்குத் துணையாயிற்று. படிப்பை இடையில் விட்டவனையும் நாடிச் சென்று தொழில் கற்பிக்கும் பணியில் மைஸ்கில்ஸ் அறவாரியம் 2011 முதல் ஈடுபட்டது.

இவ்வகைப் பணி அடுக்குமாடிகளின் அடிவாரத்துக்கே வருதல் வேண்டும். 2015இல் மாநகரத் தகுதி பெற்ற பினாங்குத் தீவில் பொது மண்டபங்களும் திடல்களும் உள்ளன. அவை மாலை ஆறு முதல் இரவு பத்து வரை இளைஞர்க்குத் திறந்திருக்க வேண்டும். சம்பளம் பெறும் வழிகாட்டி ஒருவர், பந்து ஒன்று, தொழிற்பட்டறையொன்றின் முகவரி ஆகியவை அங்குக் கிடைத்தால் போதும், தொடக்கம் ஆகிவிடும். காவல்துறை வருவது பெரும்பாலும் குற்றம் நடந்த பின்னரே.

தமிழாசிரியர்க்கு இதில் தனிக் கடமை உண்டு. ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளைகளுள் எவன் தடுமாறுவான் என்பதை அவரே முதலில் அறிவார். அப்பெயர்களை ஓர் ஏட்டில் குறித்து, அடுத்த ஆண்டு தைத்திங்களில் ஒருமுறை அவ்வீடுகளின் கதவைத் தட்டுவாராயின், அந்த 'அண்ணன்' வருமுன் ஆசிரியர் வந்தவராவார்.