காயப் போடுதல்

'வானிலையைத் தாங்கும்' என்று என் கேமராவின் விளம்பரத்தாளில் போட்டிருந்தது. 2020 நவம்பரில் வங்கி ஊழியர் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பாக்கிப் பணம் வந்தபோது வாங்கியது. அதற்கு முன் வைத்திருந்ததன் லென்ஸில் பூசணம் பிடித்துவிட்டது. நாள் முழுக்க ஏ.சி. ஓடும் கிளையில் பைக்குள் இருந்துவிட்டு மாலையில் வெளியே எடுத்ததும் குளிர்ந்த கண்ணாடி வியர்க்கும். அந்த ஈரத்தில் சிலந்தி நூல் மாதிரிப் பூசணம் படரும். அது கசியும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. ஆகவே இரண்டாவது தடவை, எதையும் உள்ளே விடாத பெட்டியாகத் தேடினேன். எதையும் உள்ளே விடாத என்பதில் எனக்குச் சொந்தமாகவே ஒரு கவர்ச்சி உண்டு. பத்து வருஷமாக விமர்சனம் என்று நான் எழுதி வருவதைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

'தாங்கும்' என்பதற்கும் 'புகாது' என்பதற்கும் உள்ள தூரம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதற்கென்று சர்வதேசக் குறியீடு ஒன்று இருக்கிறது. ஐ.பி. என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் இரண்டு எண்கள்: முதல் எண் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. நீருக்கான எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடக்கலாம். 3 என்றால் 60 டிகிரி வரை சாய்ந்து விழும் தூறலைப் பொறுக்கும், அவ்வளவுதான். சில கேமராக்களுக்கே இந்த எண் உண்டு. மற்றவற்றுக்கு வெறும் சொல் மட்டும். நீருக்குள் இறங்கவென்றே பிறந்தவை வேறு ஜாதி; 1963ல் வந்த நிக்கோனாஸ் அப்படிப்பட்டது. அதுவும் நம்பியிருந்தது சில ரப்பர் வளையங்களைத்தான். அவற்றுக்கு மசகு தடவிப் பேணாவிட்டால் அதற்கும் கதி இல்லை. என் விளம்பரத்தாளில் எண் கிடையாது. தாங்க வேண்டுமானால் லென்ஸும் அதே ரகமாக இருக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. என் லென்ஸ் அந்த ரகம் அல்ல.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த நாள். அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. திங்கட்கிழமை காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பிரயாணிகளோடு நின்றுபோனது. தென் மாவட்டங்கள் நான்கிற்கும் விடுமுறை. எனக்கு வங்கி இல்லை, கேமரா இருந்தது. சுலோசன முதலியார் பாலத்துக்கு இந்தப் புறம் நின்று, குடைக்கும் பிளாஸ்டிக் பைக்கும் நடுவே வைத்துப் படம் எடுத்தேன். குறுக்குத்துறை முருகன் கோயில் கண்ணுக்கே தெரியவில்லை என்றார்கள். ஒவ்வொரு பெரிய வெள்ளத்திலும் மூழ்குகிற கோயில் அது. உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். பாறையில் செதுக்கிய மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசையைத் தொடங்குவார்கள். தண்ணீரை வராதே என்று அந்தக் கோயில் சொல்வதில்லை. வந்த வழியே போக விடுகிறது. அன்று எனக்கு இது தோன்றவில்லை. நல்ல சட்டகம் கிடைக்குமா என்பதுதான் யோசனை.

நாற்பது படம் எடுத்திருப்பேன். திரை ஒரு தடவை மின்னிவிட்டு அணைந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க மூன்று முறை விசையைப் போட்டேன். வீட்டுக்கு வந்து, எல்லோரும் சொல்கிற மாதிரி, அரிசிக்குள் புதைத்து வைத்தேன்.

புதன்கிழமை வெயில் வந்தது. சிந்துபூந்துறையில் அத்தை வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வடிந்து, வீடு முழுக்கச் சேறு. அத்தை ஒரு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். 1974ல் நடந்த அவள் கல்யாணப் படங்கள். பழைய கறுப்பு வெள்ளை. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிப்போய், கனமாக இருந்தன. மாமா போய் இருபது வருஷமாகிறது. அவருடைய இளவயது முகம் அந்த ஒரு ஆல்பத்தில்தான் இருந்தது.

"எய்யா, நீ படம் பிடிக்கவம்லா, இத என்னய்யா செய்ய?"

"வெயில்ல காயப் போடுங்க அத்தை."

யோசிக்கவே இல்லை. என் பெட்டி அரிசியில் கிடந்த நேரம் அது. ஈரம் என்றால் விரோதி, விரோதியை வெளியேற்ற வேண்டும். அத்தை அதை மாடிக்குக் கொண்டுபோய் விரித்து வைத்தாள். இரண்டு நாளில் காய்ந்தது. காய்ந்து ஒரே பலகையாகிவிட்டது. அவள் பிரிக்கப் பார்த்தபோது, ஒரு ஏட்டின் முகம் எதிர் ஏட்டோடு உரிந்து வந்தது.

என் கேமராவை ஜங்ஷன் பக்கம் ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்களில் வேலை பார்த்துப் பிறகு பழுது பார்ப்பதற்கு வந்தவர். திருப்புளியால் திறந்தார். உள்ளே பலகையின் மீது பச்சையாகப் பூத்திருந்தது. மூக்கு நீளும் லென்ஸ் துருத்தி மாதிரி காற்றை இழுக்கும், காற்றோடு ஈரத்தையும் இழுக்கும் என்றார்.

"ரப்பர் புதுசா இருக்கயில தண்ணிய உள்ள விடாது, சரி. உள்ள போயிட்டுன்னா வெளிய விடுமா? அதையும் விடாது. அரிசியில வச்சியளோ?"

"வச்சேன் அண்ணாச்சி."

"அரிசி பொங்குததுக்கு, தம்பி. நனைஞ்சதும் பாட்டரியக் கழட்டியிருக்கணும். தண்ணி இதக் கொல்லல. தண்ணிக்குள்ள கரண்ட ஓட விட்டிய பாத்தியளா, அதுதான் கொன்னுட்டு."

ஈரத்தில் மின்சாரம் ஓடினால் ஒரு முனையின் உலோகம் கரைந்து மறு முனையில் படிகிறது. மூன்று முறை விசையைப் போட்டு அந்தக் காரியத்தை நான்தான் செய்திருக்கிறேன். மெமரி கார்டை உருவித் துடைத்து வேறு ஒன்றில் போட்டுக் காட்டினார். நாற்பது படமும் அப்படியே இருந்தன.

1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது கழுவி எண்ணெய் விட்டுப் பல கேமராக்களைப் பிழைக்க வைத்ததாகச் சொன்னார். பல்லும் சுருள்வில்லுமான இயந்திரங்கள் அவை. நனைந்த படங்களும் வந்தனவாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"காயவே விடப்படாது. ஒட்டிக்கிடுச்சுன்னா சுத்தத் தண்ணியில போட்டு, தண்ணிக்குள்ளயே ஒண்ணொண்ணா உரிக்கணும். பிறகு முகம் மேல பாக்க, நெழல்ல காய விடணும். அது பொறந்ததே தண்ணியிலல்லா?"

எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளிப் படம் என்பது ஜெலட்டின் படலத்தில் நிற்பது. ரசாயனக் குளியலில் முகம் காட்டி, ஓடும் நீரில் கழுவப்பட்டு வெளியே வருவது. நனைந்தால் ஜெலட்டின் ஊதிப் பிசுபிசுக்கும். ஒன்றையொன்று தொட்டபடி காய்ந்தால் அதுவே கோந்து. நீர் அதற்கு அந்நியம் அல்ல. என் கேமராவின் படமோ பிறப்பு முதல் ஒரு சொட்டு நீரையும் அறியாதது. இரண்டும் நிழற்படம் என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. வைத்தியம் நேர் எதிர். அன்று காலை அத்தை மடியில் இருந்தது ஈரமான ஆல்பம். அதற்குள் இரண்டு நாள் ஆகியிருந்தாலும், ஒரு அண்டாத் தண்ணீர் இருந்தால் சில முகங்களாவது தப்பியிருக்கலாம்.

இதை இந்தப் பத்திரிகைக்கு எழுதக் காரணம் உண்டு. கவிதையைப் பற்றி நான் எழுதியதில் அதிகம் வந்த வார்த்தை 'ஈரம்' என்று நினைக்கிறேன், எப்போதும் குற்றமாக. இந்த வரியில் ஈரம் அதிகம், இந்தத் தொகுப்பைக் கொஞ்சம் காய வைத்திருக்கலாம் என்று. அநேக இடங்களில் அது சரியாகவும் இருந்தது. சொதசொதவென்று எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நீரிலேயே பிறந்து நீரிலேயே நிற்கிற எழுத்தையும் அதே மாடியில்தான் விரித்தேனா? பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கவிஞர்களைப் பற்றி நான் எழுதியதை இப்போது என்னால் ஆதரிக்க முடியாது. ஒருவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. அதற்குக் காரணம் நான் என்று சொல்லிக்கொள்வது அகந்தை. சம்பந்தமே இல்லை என்று சொல்வது பொய்.

தை மாதம் அத்தையிடம் சொன்னேன். தண்ணீரில் போட்டிருக்க வேண்டும், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று. அத்தை அந்தப் பலகையை ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

"போட்டும்யா. நீ வேணும்னா சொன்ன? ஒம் பொட்டி சரியாச்சா?"

"இல்ல அத்தை."

"வெயில்ல வச்சுப் பாத்தியா?" என்றாள்.