பாடம் நடத்தப் போன டீச்சர்



நாசா என்றால் பிள்ளைகளுக்கு நாம் நிலவில் கால் வைத்த கதையைத்தான் சொல்கிறோம். நான் கிறிஸ்டா மக்கோலிஃப் கதையையும் சொல்வேன். நியூ ஹாம்ப்ஷயரில் சமூகக்கல்வி படிப்பித்தவர். விண்வெளியிலிருந்து பாடம் நடத்த ஓர் ஆசிரியர் வேண்டும் என்று நாசா கேட்டபோது 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். தெரிவானவர் அவர்தான்.

நாசா இராணுவம் சாராத அரச நிறுவனம். மக்களின் வரிப்பணத்தில் நடப்பதால் மக்களின் ஆர்வமும் அதற்குத் தேவை. ஆசிரியரை அனுப்ப நினைத்ததில் அந்தக் கணக்கும் இருந்திருக்கும். அதில் பிழை சொல்ல மாட்டேன்.

1986 ஜனவரி 28, சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கனில் சிதறியது. ஏழு பேரும் உயிரிழந்தார்கள். அமெரிக்கா முழுக்க வகுப்பறைகளில் பிள்ளைகள் அதை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இன்றும் உறுத்துவது அதற்கு முந்தின இரவு. ரொக்கெட்டின் பாகங்கள் பொருந்தும் இடத்தில் சூடான வாயு கசியாமல் அடைக்கும் றப்பர் வளையம் ஒன்று உண்டு. குளிரில் அது இறுகிவிடும். ரொக்கெட் செய்த கம்பனியின் பொறியியலாளர்கள், ரொஜர் போய்ஜோலி போன்றவர்கள், "இந்தக் குளிரில் ஏவ வேண்டாம்" என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். பயணம் ஏற்கெனவே பல தடவை பிற்போடப்பட்டிருந்தது. நாசா அதிகாரிகள் முகம் சுளிக்க, கம்பனி மேலாளர்கள் தங்கள் பொறியியலாளர்களை ஓரம் கட்டிவிட்டுச் சம்மதம் அனுப்பினார்கள். கடைசி முடிவெடுத்த மேலதிகாரிகளின் காதுக்கு இந்த வாக்குவாதம் போகவேயில்லை. கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது புதுசா என்ன?

பிறகு ஜனாதிபதி நியமித்த ஆணைக்குழு பகிரங்கமாக விசாரித்தது. விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த றப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். அறிக்கையில் நாசாவின் குறைகள் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன, யாரும் வாசிக்கலாம். இரண்டரை வருடத்துக்கு மேல் எந்த விண்ணோடமும் பறக்கவில்லை. அப்படியிருந்தும் 2003இல் கொலம்பியா. இறக்கையில் அடிபட்ட இடத்தைப் படம் பிடித்துப் பாருங்கள் என்று பொறியியலாளர்கள் கேட்டது நிறைவேறவில்லை. மறுபடியும் ஏழு பேர்.

கிறிஸ்டாவுக்குப் பதிலாளாக இருந்த பார்பரா மோர்கன் டீச்சர் தன் வகுப்பறைக்கே திரும்பினார். பின்னர் விண்வெளி வீராங்கனையாகப் பயிற்சி பெற்று 2007இல் பறந்தார். 2018இல், முன்பு ஆசிரியர்களாக இருந்த இரண்டு வீரர்கள், கிறிஸ்டா திட்டமிட்டிருந்த பாடங்களில் சிலவற்றைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செய்து காட்டினார்கள். வீடியோ இணையத்தில் இருக்கிறது. அடுத்த தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்குக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.