தவணை தீர்ந்த மண்

எஸ்ஸன், ஜெர்மனி.



இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு வீடு தந்தவரும், என் பிள்ளைகள் ‘ஓப்பா’ என்று பாட்டனாகவே அழைத்து வளர்ந்தவருமான நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் கல்லறைக்கு விளக்கேற்றச் சென்ற கிழமை போயிருந்தபோது, அவர் பெயர் பொறித்த கல்லின் நெற்றியில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். இவ்விடத்தைப் பாவிக்கும் உரிமை முடிவடைந்துவிட்டது, உரித்தாளர்கள் நிர்வாகத்தோடு தொடர்புகொள்ளவும் என்பது அதன் வாசகம்.

இங்குள்ள விதியை விவரமாகச் சொன்னால்தான் என் மனக்கொதிப்பு விளங்கும். இடுகாட்டு மண் இங்கே எவருக்கும் சொந்தமாவதில்லை. நகரசபைக்கோ தேவாலயத்துக்கோ உரிய நிலத்தில் ஒரு குழியைப் பாவிக்கும் உரிமையை மட்டும், மண்ணின் தன்மைக்கேற்ப 20, 25, 30 ஆண்டுகள் என்று இடத்துக்கு இடம் வேறுபடும் ஒரு தவணைக்கு, கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுக்கிறார்கள். குழியிலும் இரு ஜாதி உண்டு. குடும்பத்தார் தாமே இடம் பார்த்து, கூடிய பணம் கட்டிப் பெறும் குழிக்குத் தவணை தீர்ந்தபின் மறுபடி பணம் கட்டி நீடிப்புப் பெறலாம். இறந்த கிரமப்படி வரிசையாக அடக்கும் மலிவான குழிக்கோ அந்த நீடிப்பும் கிடையாது. தவணைக் காலம் முழுவதும் செடி நட்டு, களை பிடுங்கி, கல் சாயாமல் பேணுவது உறவினர் பொறுப்பு. தவணை தீர்ந்ததும் கல்லைப் பெயர்த்தெடுக்கும் செலவும் அவர்களுடையதே. அதன்பின் நிலத்தைச் சமப்படுத்திப் புல் விதைத்து, காலம் வரும்போது இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஓப்பா வரிசைக் குழியில் கிடப்பவர். இடுகாட்டு நிர்வாகக் காரியாலயத்துப் பெண்மணி இவ்வளவையும் மிகுந்த மரியாதையோடு எனக்கு விளக்கினார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் வருத்தியது.

ஓப்பா எப்படிப்பட்ட மனிதர் என்பதை நான் சொல்லவேண்டும். இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த சில ஆண்டுகளில், மீசை அரும்பாத பையனாக இவ்வூரின் ட்சோல்ஃபெராயின் சுரங்கத்தில் சேர்ந்து, 1986 டிசம்பர் 23 அன்று அது மூடப்படும்வரை அங்கேயே உழைத்தவர். அங்கே உடுப்பு வைக்க அலுமாரி இல்லை. ஆளுக்கொரு சங்கிலியும் கொக்கியும் உண்டு. வீட்டு உடுப்பை அதில் மாட்டிக் கூரைவரை இழுத்துப் பூட்டிவிட்டு, தொழிலாளர் கூண்டில் ஏறிப் பாதாளத்தில் இறங்குவார்கள். வேலை முடிந்து எவ்வளவுதான் தேய்த்துக் குளித்தாலும் இமையோரத்துக் கரி போகாது. மை தீட்டியது போன்ற அந்தக் கண்களோடுதான் அவர் பிள்ளைகளுக்கு முன் வந்து நிற்பார். கையில் கொண்டுபோன ரொட்டியில் ஒரு துண்டை உண்ணாமல் மிச்சம் பிடித்து வருவார். ‘முயல் ரொட்டி’ என்று அதற்கு இந்நாட்டில் பெயர். வழியில் முயல் கொடுத்தனுப்பியது என்று தகப்பன் சொல்ல, காய்ந்து போன அந்தத் துண்டுக்காகப் பிள்ளைகள் அடிபடுவார்களாம். ஓய்வு பெற்றபின் பந்தயப் புறாக்களும் பேரனுமே அவருக்கு உலகம். கல்தூசி படிந்த நுரையீரல் மூச்சுக்கு மூச்சு முனகிக்கொண்டிருக்க, பேரனோடு என் மகனையும் சேர்த்துத் தெருவில் சைக்கிள் பழக்கியவர் அவர்.

அவர் உழைத்த சுரங்கத்தை யுனெஸ்கோ 2001-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக்கிற்று. அதன் இரும்புக் கோபுரத்தைத் துருப்பிடிக்காமல் காக்கிறார்கள். அதைப் பார்க்கத் தேசாந்தரங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். யந்திரத்துக்கு நித்திய ஸ்தானம் கொடுத்துவிட்டு, அதன் கீழே இறங்கி ஆயுளைக் கரைத்த மனிதனுக்கு ஆறடி மண்ணையும் தவணைக்குக் கொடுக்கும் இந்த நியாயத்தை என் மனம் ஏற்க மறுக்கிறது.

இதை எழுதும்போது, தாய்நாட்டில் இருந்த என் தகப்பனாரின், ஐயாவின், நினைவும் கூடவே வருகிறது. விடியுமுன் துலா மிதித்துப் புகையிலைக் கன்றுக்கு நீர் இறைத்து, பகலெல்லாம் செம்மண்ணில் நின்று, சுன்னாகம் சந்தைக்குப் போய்வரும் நாட்களில் சால்வைத் தலைப்பில் கச்சான் முடிந்துகொண்டு வருவாரே, அந்த முடிச்சை அவிழ்க்க நானும் அண்ணனும் பிடித்த சண்டைக்கும் முயல் ரொட்டிச் சண்டைக்கும் பேதம் ஏது? ஐயா காலமான செய்தி கடல் தாண்டி வந்தபோது நான் போக வழியிருக்கவில்லை. அண்ணன்தான் கீரிமலையில் அஸ்தியைக் கரைத்தான். அன்றிரவு என் பாஷை ஓர் அட்சரமும் அறியாத ஓப்பா, கோப்பியோடு மாடியேறி வந்து, விடியும்வரை என் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். தகப்பனை இழந்தவனுக்குத் தகப்பனாயிருப்பது எப்படி என்பதை அவர் அன்று செய்து காட்டினார்.

ஐயாவுக்கு நாங்கள் கல் நாட்டவில்லை. ஓர் அடி மண்ணும் வைக்கவில்லை. ஆயினும் ஆடி அமாவாசை தோறும் விரதம் பிடித்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு படைத்து, அவர் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறோம். காத்தோட்டிக்காய் இங்கே வாய்ப்பது அருமை. அதற்காக விரதம் நின்றதில்லை. ஸ்தலத்தை நம்பாமல் சந்ததியின் சிரத்தையை நம்பிய நம் முன்னோரின் ஞானம் எத்துணை பெரியது என்பது, கல்லையும் ரசீதையும் நம்பும் இந்நாட்டில் வாழ்பவனுக்கே நன்றாக விளங்கும்.

நம் தர்ப்பண விதியில் காருணிக பித்ருக்கள் என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரத்த சம்பந்தம் இல்லாத குருவுக்கும் சிநேகிதருக்கும் உபகாரிக்கும் உரிய இடம் அது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளைத் தரிசித்துவிட்டு, இவ்வாண்டு ஆடி அமாவாசையன்று ஐயாவின் பெயருக்கு அடுத்தபடியாக ஓப்பாவின் பெயரையும் நான் சொல்லப்போகிறேன். எனக்குப் பிறகு அவ்விரு பெயர்களையும் சொல்லவேண்டியது உன் கடமை என்று என் மகனிடம் சொன்னேன். தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவரை அவன் மறக்கவில்லை, உடனே சம்மதித்தான். உழைத்து வளர்த்த ஒரு தகப்பனுக்கு அவர் வளர்த்தவர்கள் செலுத்தும் கடனில் எந்தச் சபைக்கும் தவணை குறிக்க அதிகாரமில்லை என்று, இந்த ஊரில் எவர் கேட்டாலும் நான் தலைநிமிர்ந்து சொல்வேன்.